முகவரியைக் கொடுத்தது யார்?

14

இந்த வியாழக்கிழமைக்காக மூன்று பேர் ஏழு மாதமாகக் காத்திருந்தார்கள்.

ஒருத்தி செல்லக்கிளி. உப்பிலியபுரத்தில் வாழை மண்டி ரங்கசாமியின் கிடங்கில் கூலி வேலை பார்த்தவள். அவன் தன் மகளிடம் நடந்துகொண்ட விதம் தெரிந்த அன்றே போலீஸ் ஸ்டேஷன் படியேறியவள். இன்னொருத்தி அந்த மகள், பன்னிரண்டு வயது. அவள் பெயரை நாம் சொல்வதில்லை. இத்தனை வாரமாகப் பாப்பா என்றுதான் சொல்லி வருகிறோம். மூன்றாவது, நம் ஆனந்தவள்ளி.

குழந்தைகள் நலக் குழு ஆனந்தவள்ளியைப் பாப்பாவுக்கு ஆதரவு நபராக நியமித்திருந்தது. போலீஸ், ஆஸ்பத்திரி, கோர்ட் என்று பிள்ளை போகும் இடமெல்லாம் கூடப் போக வேண்டும். பக்கத்தில் உட்கார வேண்டும். என்ன நடக்கிறது என்பதைப் பிள்ளைக்குப் புரிகிற மாதிரி சொல்ல வேண்டும். இதுதான் வேலை.

ஜாமீனில் வந்த ரங்கசாமியின் ஆட்கள் ஊரில் தொந்தரவு கொடுத்ததால் தாயும் மகளும் கே.கே. நகரில் ஒரு மாடி அறைக்குக் குடிவந்து மூன்று மாதம் ஆகிறது. அந்த முகவரி குழுவுக்குத் தெரியும், விசாரணை அதிகாரிக்குத் தெரியும், ஆனந்தவள்ளிக்குத் தெரியும். வேறு யாருக்கும் தெரியாது.

இன்று பாப்பா நீதிபதி முன் சாட்சி சொல்ல வேண்டிய நாள்.

காலை ஏழு மணிக்கு ஸ்ரீரங்கத்து வீட்டு அடுப்படியில் ஆனந்தவள்ளி தோசை வார்த்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது.

"அக்கா, நாங்க இன்னிக்கு வரல."

செல்லக்கிளிதான். ராத்திரி முழுக்க அழுத தொண்டை.

"என்னாச்சு செல்லக்கிளி?"

"நேத்து சாயந்திரம் ஒரு ஆளும் ஒரு பொம்பளையும் வந்தாங்க. ஆப்பிள், பூ, பாப்பாவுக்குப் புதுப் பாவாடை சட்டை, எல்லாம் தட்டுல வச்சு எடுத்துட்டு வந்தாங்க. ரங்கசாமி அனுப்பிச்சாராம். சமாதானமாப் போயிடலாமாம்."

"ரூமுக்கேவா வந்தாங்க?"

"மாடி ஏறி வந்து கதவைத் தட்டுனாங்கக்கா. பாப்பா பேரைச் சொல்லிக் கூப்பிட்டாங்க. போறப்ப அந்தப் பொம்பளை சொல்லுது, 'சாயந்திரம் ஸ்கூல் விட்டுப் புள்ளை தனியாத்தானே வருது, பாத்துக்கங்க'ன்னு."

தோசை கருகுகிற வாசனை வந்தது. ஆனந்தவள்ளி அடுப்பை அணைத்தாள். அந்தத் தட்டைப் பிடுங்கி வந்தவர்களின் முகத்தில் அடிக்க வேண்டும் போல் இருந்தது.

"நீ வர்றதும் வராததும் உன் இஷ்டம். ஆனா அந்த ரூம்ல தனியா இருக்காத. நான் ஆட்டோ எடுத்துட்டு வரேன். வந்து பேசிக்கலாம்."

கூடத்தில் சட்டைப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்த அவள் கணவன் நவநீதன், எந்த போன் வந்தாலும் "யாரு" என்று கேட்கிற மனிதன், அன்று கேட்கவில்லை. சாப்பிடாமலேயே பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டான். இருந்த அவசரத்தில் ஆனந்தவள்ளி அதைக் கவனிக்கவில்லை.

*

ஆட்டோ கோர்ட்டை நெருங்கும் வரை பாப்பா பேசவில்லை. அம்மாவுக்கும் ஆனந்தவள்ளிக்கும் நடுவில் உட்கார்ந்து, ஸ்கூல் பையை மடியில் வைத்து இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"பாப்பா, இன்னிக்கு முடியலன்னா முடியலன்னு சொல்லலாம். ஜட்ஜ் வேற தேதி குடுப்பாங்க. உன்னை யாரும் திட்ட மாட்டாங்க."

பாப்பா தலையாட்டினாள். சிறிது நேரம் கழித்துக் கேட்டாள்.

"பெரியம்மா, எங்க வீடு அவங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"தெரியல கண்ணு. கண்டுபிடிக்கிறேன்."

"கண்டுபிடிச்சா என்கிட்ட சொல்வீங்களா?"

"சொல்றேன்."

"யாரா இருந்தாலும்?"

"யாரா இருந்தாலும்."

பாப்பா பையின் வாரைத் தோளில் மாட்டிக்கொண்டாள். "அப்ப நான் இன்னிக்கே சொல்லிடுறேன்," என்றாள்.

செல்லக்கிளி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

கோர்ட் அறைக்குள் பாப்பா என்ன சொன்னாள் என்பதை இங்கே எழுதப்போவதில்லை. அது அவளுக்கும் நீதிபதிக்கும் உரியது. திரைக்கு இந்தப் பக்கம் அவள் உட்கார்ந்திருந்தாள், அந்தப் பக்கம் ரங்கசாமி இருந்தான், அவன் முகம் அவளுக்குத் தெரியவில்லை. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. இரண்டு முறை தண்ணீர் கேட்டாள். ஒருமுறை ஆனந்தவள்ளியின் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டாள். சொல்லவேண்டியதைச் சொல்லி முடித்தாள்.

எதிர்த்தரப்பு வக்கீலின் குறுக்கு விசாரணை அடுத்த வியாழக்கிழமைக்குத் தள்ளிவைக்கப்பட்டது.

வெளியே வந்ததும் ஆனந்தவள்ளி அரசு வக்கீல் அம்மாவிடம் நேற்று நடந்ததைச் சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டே குறித்துக்கொண்டார்.

"செல்லக்கிளியை ஒரு புகார் எழுதச் சொல்லுங்க. இன்னிக்கே இவங்களை வேற இடத்துக்கு மாத்திடணும், குழுகிட்ட நான் பேசறேன்." பிறகு பேனாவை மூடாமலேயே கேட்டார். "அட்ரஸ் இருக்கிற ஃபைலை நீங்க எங்க வைக்கிறீங்க?"

"என்கிட்டதான் மேடம் இருக்கு."

"உங்ககிட்டன்னா எங்க?"

ஆனந்தவள்ளிக்கு முகம் சிவந்தது. "வீட்லதான்," என்றாள்.

*

"என் வீட்டைச் சந்தேகப்படுறாங்க சம்ரீன் அக்கா! ஏழு மாசமா வெயில்லயும் மழையிலயும் அலைஞ்சிருக்கேன். கடைசியில என்னைப் பாத்து ஃபைல் எங்கேங்கிறாங்க!"

கோர்ட்டுக்கு எதிரே டீக்கடை. தாயும் மகளும் அரசு வக்கீல் அம்மாவின் அறையில் பத்திரமாக இருந்தார்கள். சம்ரீன் பதினோரு வருடமாக இதே வேலை செய்பவள். பாலக்கரையில் அவள் வீட்டு மாடியில் சனிக்கிழமைதோறும் ஆதரவு நபர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் கூடுவார்கள். வழக்கு விவரம் பேசக்கூடாது என்பது அங்கே விதி. யாருக்கு என்ன வேண்டும் என்று மட்டும் பேசலாம். ஒருத்தி நல்ல டாக்டர் பெயர் கேட்பாள். ஒருத்தி தூக்கம் வரவில்லை என்று அழுவாள். ஆனந்தவள்ளி இந்த வேலையை விட்டுவிடலாம் என்று நினைத்த மூன்று முறையும் அந்த மாடிதான் அவளைத் திருப்பி அனுப்பியது.

"அவங்க கேட்டது சரியான கேள்வி வள்ளி. ஃபைல் எங்க இருக்கு?"

"ஃப்ரிட்ஜ் மேல."

"பூட்டு?"

"ஃப்ரிட்ஜ் மேல எப்படிக்கா பூட்டுறது?" ஆனந்தவள்ளி டம்ளரை ஓங்கி வைத்தாள். பக்கத்து மேஜைக்காரர் திரும்பிப் பார்த்தார். "மூணு நாள் ட்ரெய்னிங் குடுத்தாங்க. ஒரு துணிப்பை, ஒரு நோட்டு, ஒரு பேனா குடுத்தாங்க. பூட்டுற மாதிரி ஒரு பீரோ குடுங்க, இல்ல ஆபீஸ்ல ஒரு மூலை குடுங்கன்னு நான் வேலை பாக்குற தொண்டு நிறுவனத்துல மூணு தடவை எழுதிக் கேட்டேன். பாக்கலாம் பாக்கலாம்னாங்க. ஒரு புள்ளையோட உசிரு என் வீட்ல ஃப்ரிட்ஜ் மேல, என் பொண்ணோட டிராயிங் நோட்டுக்கு அடியில கெடக்கு. இதுக்கு யாரைக் கேக்கறது?"

"அவங்களையும் கேப்போம். விடப்போறதில்ல." சம்ரீன் குரலை உயர்த்தவில்லை. "ஆனா இன்னிக்கு உன் வீட்டுலயிருந்து ஆரம்பி. என் வீட்லயும் ஒருதடவை ஆயிருக்கு. என் கூடப்பொறந்த தம்பி. அன்னிக்கு நானும் உன்னை மாதிரிதான் கத்துனேன்."

ஆனந்தவள்ளிக்குப் போன ஞாயிற்றுக்கிழமை ஞாபகம் வந்தது. ஜீயபுரத்திலிருந்து நவநீதனின் அண்ணன் மருதை வாழைத்தாரோடு வந்திருந்தார். வழக்கமாகச் சாப்பிட்டுவிட்டுப் படுப்பவர், அன்று சாப்பிட்டதும் தம்பியை அழைத்துக்கொண்டு உள் அறைக்குப் போனார். ஜீயபுரத்தில் மருதையின் வாழைத் தோப்பைப் பல வருடமாக வெட்டிக்கொண்டு போவது ரங்கசாமியின் மண்டி.

டீயைப் பாதியில் வைத்துவிட்டு அவள் எழுந்தாள்.

*

ஆனந்தவள்ளியின் மகள் மகாலட்சுமி ஸ்கூல் யூனிஃபார்மோடு தரையில் உட்கார்ந்து முறுக்கு தின்றுகொண்டிருந்தாள். பதிமூன்று வயது. அம்மா செருப்பைக்கூடக் கழற்றாமல் வந்து எதிரில் உட்கார்ந்ததும் முறுக்கைக் கீழே வைத்தாள்.

"மகா, ஞாயித்துக்கிழமை நான் கடைக்குப் போயிருந்தப்ப அம்மாவோட ஃபைலை யாராவது எடுத்தாங்களா?"

மகா கதவைப் பார்த்தாள்.

"அப்பா வரலடி. சொல்லு."

"அப்பாதான்மா எடுத்தாரு."

"எதுக்குடி எடுத்தாரு?"

"பெரியப்பா கேட்டாரு. அப்பா மொதல்ல வேணாம்ணே, வேணாம்ணேன்னாரு. பெரியப்பா அழுதாரும்மா. அப்புறம் அப்பா ஃபைலைப் பாத்துப் படிச்சாரு. பெரியப்பா போன்ல டைப் பண்ணிக்கிட்டாரு. கே.கே. நகர், ரெண்டாவது மாடின்னு." மகாவின் உதடு பிதுங்கியது. "அன்னிக்கே உன்கிட்ட சொல்ல வந்தேன். நீ போன் பேசிட்டு இருந்த. அப்புறம் வா, அப்புறம் வான்ன. அப்புறம் அப்பா சொல்லாதன்னுட்டாரு."

ஊர்ப் பிள்ளைகள் சொல்வதையெல்லாம் உட்கார்ந்து கேட்கிறவளுக்கு, பெற்ற பிள்ளை சொல்ல வந்ததைக் கேட்க நேரமில்லை. ஆனந்தவள்ளிக்குத் தன்மீதே கோபம் பொங்கி வந்தது. மகளை இழுத்து மடியில் சாய்த்துக்கொண்டாள். அந்த நேரத்தில் வாசலில் பைக் நின்றது.

நவநீதன் தனியாக வரவில்லை. மருதையும் வந்திருந்தார்.

"வள்ளி," மருதை செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னார், "நீ கோவப்படாம ஒரு நிமிசம் கேளும்மா."

"எந்திரிச்சு உள்ள போ மகா," என்றாள் ஆனந்தவள்ளி. மகா உள் அறைக்குப் போனாள். கதவைச் சாத்தவில்லை.

"கேக்கறேன் மாமா. சொல்லுங்க. ஒரு புள்ளை ஒளிஞ்சிருக்கிற எடத்தை, அதைச் சீரழிச்சவன்கிட்ட எதுக்குச் சொன்னீங்க?"

"சீரழிச்சான்னு கோர்ட்டு இன்னும் சொல்லல..."

"மாமா!"

அந்தச் சத்தத்தில் மருதை ஓரடி பின்னால் போனார். கல்யாணமாகிப் பதினைந்து வருடத்தில் அவள் அவர் முன் குரல் உயர்த்தியதில்லை.

"நாலு ஏக்கர் தார் மரத்துலயே பழுக்குதும்மா," என்றார் அவர். கண் கலங்கியிருந்தது. "வெட்ட ஆள் அனுப்ப மாட்டேங்குறான். வேற மண்டிக்காரனையும் வர விட மாட்டேங்குறான். 'உன் தம்பி பொண்டாட்டிதான எனக்கு எதிரா நிக்கிறா, அட்ரசை மட்டும் வாங்கிக் குடு, பேசி முடிச்சுக்கறேன்'னான். அடிக்கவா கேட்டான்? பேசத்தான கேட்டான்."

"பேசிட்டுப் போயிட்டாங்க மாமா. ஸ்கூல் விட்டுத் தனியா வர்ற புள்ளைன்னு சொல்லிட்டுப் போயிருக்காங்க. உங்க தம்பி பொண்ணைப் பாத்து எவனாவது அப்படிச் சொன்னா, பேசத்தான செஞ்சான்னு விட்டுருவீங்களா? மகாவும் தனியாத்தான் நடந்து வர்றா."

மருதை உள் அறைக் கதவைப் பார்த்தார்.

அவள் நவநீதன் பக்கம் திரும்பினாள். அவன் ஃப்ரிட்ஜ் அருகில் நின்றுகொண்டிருந்தான்.

"காலையில போன் வந்தப்பவே உங்களுக்குத் தெரியும். இல்லீங்களா?"

"வள்ளி, அண்ணன்தான் என்னைப் படிக்க வச்சவரு. அவரு அழுது நான் பாத்ததே இல்ல. என்ன பண்ணச் சொல்ற?"

"என்கிட்ட சொல்லியிருக்கணும். ஞாயித்துக்கிழமையே சொல்லியிருந்தா அன்னிக்கே அவங்களை வேற எடத்துக்கு மாத்தியிருப்பேன். நாலு நாள் என் பக்கத்துல படுத்துத் தூங்கியிருக்கீங்க. நான் அந்தப் புள்ளைக்காக பயந்துகிட்டே இருந்தேன், நீங்க தூங்குனீங்க."

"நான் தூங்கல," என்றான் நவநீதன்.

"அப்ப அதைவிட மோசம்."

அவள் மகாவின் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்தாள். சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தாள். குழந்தைகள் நலக் குழுத் தலைவர் அவர்களுக்கு.

"என்ன எழுதுற?" நவநீதன் அருகில் வந்தான். "வள்ளி, என்ன எழுதுற?"

"நடந்ததை."

"என்னைப் புடிச்சுக் குடுக்கப் போறியா?"

அவள் எழுதிக்கொண்டே இருந்தாள். நவநீதன் தாளின் ஓரத்தில் கையை வைத்தான். இழுக்கவில்லை, வைத்தான்.

"உன்னையும் எடுத்துருவாங்க. யோசிச்சியா? அடுத்த வாரம் அந்தப் புள்ளை பக்கத்துல உக்கார யாரு இருப்பா? உனக்காக இல்ல, அதுக்காகவாவது விடு."

இந்த ஒரு வார்த்தைதான் அவளை நிறுத்தியது. பேனா தாளில் ஊன்றி நின்றது. குறுக்கு விசாரணை வியாழக்கிழமை. எதிர்த்தரப்பு வக்கீல் பிள்ளையைத் துருவித் துருவிக் கேட்கும் நாள். பாப்பா சுண்டுவிரலைத் தேடும்போது அங்கே வேறு ஒரு கை இருக்கும்.

அவள் சம்ரீனுக்கு போன் போட்டாள். எல்லோரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் வைத்தாள்.

"அக்கா, என் வீட்லயிருந்துதான் போயிருக்கு. என் வீட்டுக்காரர்."

"யா அல்லாஹ்." என்றாள் சம்ரீன். "இப்ப என்ன பண்றே?"

"எழுதிட்டு இருக்கேன். எழுதுனா என்னை எடுத்துருவாங்களாக்கா?"

"எடுக்கலாம். எடுக்காமயும் இருக்கலாம். உனக்குப் பொய் சொல்ல மாட்டேன்."

"எழுதலன்னா?"

"எழுதலன்னா, புது எடத்து அட்ரசும் உன் ஃபைலுக்குத்தான் வரும்."

ஆனந்தவள்ளி நவநீதனின் கையைத் தாளிலிருந்து எடுத்து மேஜை விளிம்பில் வைத்தாள். மீதியை எழுதினாள். பூட்டு இல்லாத இடத்தில் ஃபைலை வைத்தது தன் தவறு என்றும், மூன்று முறை கேட்டும் வைக்க இடம் தரப்படவில்லை என்றும், அந்தக் கடிதங்களின் தேதியையும் சேர்த்தே எழுதினாள். கையெழுத்துப் போட்டாள்.

"ஆறு மணி வரைக்கும் தலைவர் அம்மா ஆபீஸ்ல இருப்பாங்க," என்றாள் சம்ரீன். "நான் வாசல்ல நிக்கறேன். தனியா உள்ள போகாத."

மருதை சுவரோரமாக உட்கார்ந்துவிட்டார். ஆனந்தவள்ளி துணிப்பையை எடுத்து ஃபைலை உள்ளே வைத்தாள். வாசலுக்கு வந்தபோது மகா யூனிஃபார்மோடு செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள்.

"நீ எங்கடி?"

"நானும் வரேன். நான்தானம்மா பாத்தேன்."

"மகா!" என்றான் நவநீதன்.

மகா அப்பாவைப் பார்த்தாள். அழுதாள். ஆனால் செருப்பைக் கழற்றவில்லை.

*

குழு அலுவலகத்தில் தலைவர் அம்மா கடிதத்தை இரண்டு முறை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"செல்லக்கிளியையும் பொண்ணையும் மதியமே மாத்திட்டோம். பத்திரமா இருக்காங்க. எங்கேன்னு உங்ககிட்ட சொல்ல முடியாதும்மா. புரிஞ்சுக்கணும்."

"புரியுது மேடம்."

"வியாழக்கிழமைக்கு நீங்களா, வேற ஒருத்தரான்னு குழு உக்காந்து முடிவு பண்ணணும். ரெண்டு நாள் ஆகும்." கடிதத்தில் ஓரிடத்தில் விரல் வைத்தார். "உங்க வீட்டுக்காரர் படிச்சுச் சொன்னதா எழுதியிருக்கீங்க. நீங்க பாத்தீங்களா?"

"இல்ல மேடம்."

"யாரு பாத்தா?"

ஆனந்தவள்ளி சொல்லவில்லை. மகா நாற்காலியை விட்டு எழுந்து நின்றாள்.

தலைவர் அம்மா அவளையே பார்த்தார். "உன் பேரென்னம்மா? என்ன வயசு?" என்று மெதுவாகக் கேட்டார். பிறகு ஆனந்தவள்ளியிடம் திரும்பினார். "நாங்க இவகிட்ட தனியாப் பேசணும். நீங்க இங்க இருக்கக்கூடாது. உங்களுக்கே தெரியும்."

தெரியும். எல்லா விதிகளும் அவளுக்குத் தெரியும். இருந்தும் கால் நகரவில்லை. அப்பாவைப் பற்றிச் சொல்ல ஒரு பிள்ளையை உட்காரவைத்துவிட்டு எழுந்து போவது எப்படி என்று மூன்று நாள் பயிற்சியில் யாரும் சொல்லித் தரவில்லை.

சம்ரீன் தன் நாற்காலியை இழுத்து மகாவுக்குப் பக்கத்தில் போட்டாள்.

"தண்ணி வேணுமா குட்டி?" என்று கேட்டாள்.

மகா வேண்டாம் என்று தலையாட்டினாள். அம்மாவைப் பார்த்து, "போம்மா," என்றாள்.

ஆனந்தவள்ளி வெளியே வந்தாள். கதவு சாத்தப்பட்டது. வராந்தாவில் ஒரு பெஞ்சு இருந்தது. அவள் உட்காரவில்லை. கேட்டுக்கு அப்பால், ரோட்டில், நவநீதனின் பைக் வந்து நிற்பது தெரிந்தது. அவன் இறங்கவில்லை. ஹெல்மெட்டையும் கழற்றவில்லை.

போன் அதிர்ந்தது. தெரியாத நம்பர்.

"பெரியம்மா?" பாப்பாவின் குரல். "இங்க இருக்கிற அக்கா உங்களுக்கு ஒரே ஒரு போன் பண்ணிக்கலாம்னாங்க."

"சொல்லு கண்ணு. சாப்பிட்டியா?"

"ம்." ஒரு நொடி கழித்து, "கண்டுபிடிச்சீங்களா?"

ஆனந்தவள்ளி சாத்திய கதவைப் பார்த்தாள். உள்ளிருந்து மகாவின் குரல், வார்த்தை புரியாமல், நிற்காமல் கேட்டுக்கொண்டிருந்தது.

"கண்டுபிடிச்சுட்டேன் பாப்பா. எங்க வீட்டுலயிருந்துதான் போயிருக்கு. எங்க வீட்டுக்காரர்தான் குடுத்திருக்காரு. இப்பதான் குழுகிட்ட எழுதிக் குடுத்துட்டு வெளிய வந்தேன்."

அந்தப் பக்கம் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. ஆனந்தவள்ளி காத்திருந்தாள். எத்தனை நேரம் என்று அவளுக்கே தெரியவில்லை.

"அப்ப வியாழக்கிழமை?" என்றாள் பாப்பா.